மலைச்சரிவு, சரளைப் பாதை, பழைய கிராமங்கள்: கிராவல் சைக்கிள் வழியை நீங்களே வரைந்து ஓட்ட முழுமையான வழிகாட்டி

கிராவல் சைக்கிள் (சரளைப் பாதையிலும் தார் ரோட்டிலும் ஓட்ட ஏற்ற, அகலமான டயர் உள்ள சைக்கிள்) வாங்கிய புதிதில் பலரும் வழியைத் தலைகீழாகத்தான் வரைகிறார்கள். பார்க்க ஆசைப்படும் நாலைந்து கிராமங்களை வரைபடத்தில் குறித்துவிட்டு, இணைக்கும் வேலையைச் செயலியிடம் விட்டுவிடுவார்கள். செயலியும் ஒரு கோட்டைப் போட்டுத் தந்துவிடும். அதில் பாதி தார் ரோடாக இருக்கும். மீதியில் ஒரு பங்கு சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டிய ஒற்றையடிப் பாதையாக இருக்கும். கிளம்பிப் போன பிறகுதான் இதெல்லாம் தெரியவரும்.

இங்கே வரிசை வேறு. முதலில் உங்கள் நேரம், அடுத்து தரை, அப்புறம் அனுமதி, ஏற்றம். கிராமங்கள் ஐந்தாவதாகத்தான் வருகின்றன. சைக்கிளைத் தயார் செய்வது அதற்கும் பின்னால், ஏனென்றால் எந்த டயர், எவ்வளவு காற்று, எந்த கியர் என்பதை முடிவு செய்வது வழிதான்.

தொடங்கும் முன் வேண்டியவை கொஞ்சம்தான்: பெரிய திரை உள்ள ஒரு கணினி, வழி வரையும் ஒரு தளம் (கோமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்றவை), செயற்கைக்கோள் படம், சம உயரக் கோடுகள் காட்டும் ஒரு வரைபடம், குறிப்பெடுக்க ஒரு தாள். கைபேசியில் வரையாதீர்கள். சின்னத் திரையில் பாதையின் நிறமும் குறுக்கே உள்ள கேட்டும் கண்ணில் படாது.

1. கிலோமீட்டரை விட்டு மணிக்கணக்கைப் பிடியுங்கள்

தார் ரோட்டில் 100 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவருக்கு 60 கிலோமீட்டர் அரை நாள் வேலையாகத் தெரியும். மலைப்பாங்கான சரளையில் அந்தக் கணக்கு எடுபடாது. சக்கரம் உருளவே அதிக சக்தி போகும், இறக்கத்தில் தாராளமாக விட முடியாது, ஏற்றத்தில் வேகம் நடைவேகத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் தோராயக் கணக்கு இது: தூரத்தை மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வகுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 6 நிமிடம் கூட்டுங்கள். 60 கிலோமீட்டர், 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி 20 நிமிடம், கூடவே 1 மணி 12 நிமிடம். மொத்தம் நாலரை மணி நேரம். இது சக்கரம் சுழலும் நேரம் மட்டும். தண்ணீர், சாப்பாடு, புகைப்படம், வழி பார்ப்பது, ஒரு பஞ்சர் எல்லாவற்றுக்கும் இன்னொரு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஆறு மணி நேரம் ஆகிவிட்டதா? அதுதான் உண்மையான நாள்.

ஏற்றத்தின் அடர்த்தியையும் பாருங்கள். மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 10 மீட்டர் வந்தால் இதமான நாள். 15 வந்தால் உழைக்க வேண்டும். 20-ஐத் தொட்டால் கடினமான நாள், முதல் வழிக்கு அது வேண்டாம். மேலே சொன்ன உதாரணம் சரியாக 20. முதல் முறைக்கு 40 கிலோமீட்டரும் 500 மீட்டர் ஏற்றமும் போதும்.

முடிவு நேரத்தைச் சூரிய அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் கிளம்பும் நேரத்தைக் குறியுங்கள். மரங்கள் அடர்ந்த சரிவில் அதிகாரபூர்வ அஸ்தமனத்துக்கு வெகு முன்பே இருட்டிவிடும், அந்த வெளிச்சத்தில் குழியும் நிழலும் ஒன்றாகத் தெரியும்.

2. நல்ல சரளைத் துண்டுகளைத் தேடிப் பிடியுங்கள்

மொத்த வேலையில் பாதி நேரம் இங்கேதான் போக வேண்டும். கிராமங்களை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஓட்டத் தகுந்த சரளைத் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றும் 3 முதல் 10 கிலோமீட்டர் நீளமாக இருந்தால் நல்லது. ஐந்தாறு துண்டுகள் கிடைத்தால் ஒரு நாளுக்குப் போதும். இணைப்புக்குப் போக்குவரத்து குறைந்த தார் ரோடு பயன்படுவதில் எந்தக் குறையும் இல்லை.

வழி வரையும் தளங்களில் பெரும்பாலானவை ஓபன்ஸ்ட்ரீட்மேப் (பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடம்) தரவைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் வண்டித் தடங்களுக்கு 'கிரேடு 1' முதல் 'கிரேடு 5' வரை தரம் உண்டு. 1 என்றால் தார் போட்டது அல்லது நன்றாக இறுகியது, 5 என்றால் மெத்தென்ற மண்ணும் புல்லும். கிராவல் சைக்கிளுக்கு 1, 2 நிம்மதி. 3 காய்ந்த நாளில் சரி. 4, 5 வந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

தரை வகையைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. 'கிராவல்' என்று குறித்திருந்தால் நமக்கான பாதை என்று நினைத்து உள்ளே போய்விடுவார்கள். அந்த வரைபடத்தின் வரையறைப்படி அந்தச் சொல் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டியிருப்பது போன்ற கூர்மையான உடைகல்லைக் குறிக்கும். ஆனால் குறித்தவர்கள் எல்லோரும் வரையறையைப் படித்துவிட்டுக் குறிப்பதில்லை என்பதால், அந்த ஒரு சொல் இருந்தால் பாதை எப்படியும் இருக்கலாம். 'கம்பாக்டட்' (இறுகிய தரை), 'ஃபைன் கிராவல்' (நுண் சரளை) என்று இருப்பவைதான் நாம் தேடுவது. தரை வகையே குறிக்காத தடங்களைச் செயலி தன் ஊகத்தில் நிறமிட்டுக் காட்டும், அதை நம்ப வேண்டாம்.

அடுத்து செயற்கைக்கோள் படம். ஒவ்வொரு துண்டையும் நன்றாகப் பெரிதாக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் ஓட்டுங்கள். பார்க்க வேண்டியவை:

- ஒரே சீரான வெளிர் நிறம், ஒரே அகலம்: வண்டிகள் அடிக்கடி போகும் இறுகிய பாதை.
- இரண்டு கோடுகள், நடுவே பச்சை: டிராக்டர் எப்போதாவது போகிறது. ஓட்டலாம், ஆனால் ஒரே சக்கரத் தடத்துக்குள் நின்று ஓட்ட வேண்டும்.
- அடர் பழுப்புப் பட்டைகள், பாதை திடீரென்று அகன்று கிளைப்பது: சேறு. வண்டிகள் பள்ளத்தைச் சுற்றிப் போனதால் வந்த அகலம்.
- பாதை ஓடையை வெட்டும் இடத்தில் பாலம் தெரியவில்லை: தண்ணீருக்குள் இறங்கித்தான் கடக்க வேண்டும்.
- குறுக்கே மெல்லிய நேர்க்கோடு: கேட் அல்லது வேலி.

மரங்கள் மூடிய பகுதியில் இந்தப் படம் உதவாது. அங்கே சைக்கிள்காரர்கள் ஓட்டிய தடங்களைத் திரட்டிக் காட்டும் வெப்ப வரைபடத்தைப் பாருங்கள், ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் இருக்கிறது. சைக்கிள் அடுக்கை மட்டும் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் நடைபயணிகளின் தடமும் கலந்துவரும். தடம் பிரகாசமாக இருந்தாலும் அது மவுன்டன் பைக் கூட்டமாக இருக்கலாம், ஆகவே இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பலருக்குத் தோன்றாத ஒரு உத்தி: சரளைப் பாதை தார் ரோட்டில் வந்து சேரும் முனைக்குப் போய், தெருக்காட்சிப் படத்தைத் திறந்து, பாதையின் பக்கம் திரும்பிப் பாருங்கள். முதல் 30, 40 மீட்டர் தெரியும். கல்லின் அளவு, கேட், 'தனியார் நிலம்' பலகை, சேற்றில் டயர் பதிந்த ஆழம் என்று வேறெதுவும் காட்டாத விஷயங்கள் அதில் கிடைக்கும். பக்கத்திலேயே படம் எடுத்த மாதமும் ஆண்டும் போட்டிருக்கும். கோடையில் எடுத்த படத்தை வைத்து மழைக்கால முடிவு எடுக்காதீர்கள்.

3. போக அனுமதி உண்டா என்று பாருங்கள்

பாதை இருப்பது வேறு, அதில் சைக்கிள் போகலாம் என்பது வேறு. இந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட 1968-ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம் உரிமை தருகிறது. அதே வரைபடத்தில் அதே மாதிரி புள்ளிக்கோடாகத் தெரியும் நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை. எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் சைக்கிளில் போகலாம்.

ஆஸ்திரியாவில் காட்டுச் சாலை எவ்வளவு அகலமாக, வழவழப்பாக இருந்தாலும், சைக்கிளுக்கென்று திறந்துவிட்டதாக அறிவிக்காத வரை அதில் ஓட்டக் கூடாது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் காட்டுக்குள் 2 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதைகளில் பொதுவாக சைக்கிளுக்கு இடமில்லை. செயலி இதில் எதையும் முழுசாகச் சொல்லாது. போகும் நாட்டின் விதியை ஒரு முறை படித்துவிட்டு, சந்தேகமான துண்டை இப்போதே வெட்டிவிடுங்கள்.

இந்தப் படியை ஏற்றத்துக்கும் கிராமத்துக்கும் முன்னால் வைத்ததற்குக் காரணம், ஒரு துண்டு போனால் அதையொட்டி வரைந்த எல்லாமே போய்விடும்.

4. ஏற்றத்தைத் துண்டு துண்டாகப் படியுங்கள்

சராசரிச் சரிவு என்ற எண் ஏமாற்றும். 3 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 5 சதவீதம் என்று செயலி சொல்கிறது. அது முதல் 2 கிலோமீட்டர் வெறும் 1.5 சதவீதமாகவும், கடைசி ஒரு கிலோமீட்டர் 12 சதவீதமாகவும் இருக்கலாம். சராசரி அதே 5-தான். ஆனால் 12 சதவீத உதிரிச் சரளையில் பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும், நீங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் உயர வரைபடத்தை 500 மீட்டர் துண்டுகளாகப் பாருங்கள். சம உயரக் கோடுகளிலும் சரிபார்க்கலாம்: கோடுகளுக்கு இடையே 10 மீட்டர் என்றால், 500 மீட்டர் தூரத்துக்குள் பாதை ஐந்து கோடுகளைத் தாண்டினால் 10 சதவீதம். பாதை கோடுகளை ஒட்டியே ஓடினால் அது சமமானது.

உயரத் தரவிலும் பிழை வரும். மலைச்சரிவைக் குடைந்து போட்ட பாதையில் கோடு சில மீட்டர் தள்ளிப் போனாலே பக்கத்துச் சரிவின் உயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பாலத்திலும் சுரங்கப்பாதையிலும் கீழே உள்ள பள்ளத்தையோ மேலே உள்ள மலையையோ காட்டும். 25 சதவீதம் என்று ஒரு கூர்முனை தெரிந்து, கோடுகளில் அப்படி எதுவும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். ஒரே வழிக்கு இரண்டு தளங்கள் இரண்டு மொத்த ஏற்றம் சொல்வதும் இதனால்தான். பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

திசையை எப்படித் தேர்ந்தெடுப்பது? மலையின் ஒரு பக்கம் செங்குத்தான சரளை, மறுபக்கம் இதமான சரிவு அல்லது தார் ரோடு என்றால், செங்குத்துப் பக்கமாக ஏறி இதமான பக்கமாக இறங்குங்கள். கேட்கும்போது முரணாகத் தோன்றும், புதியவர்கள் எல்லோரும் இதை மறுப்பார்கள். ஆனால் ஏறும்போது முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். இறங்கும்போது முடியாவிட்டால் விழ வேண்டியதுதான்.

மிகப் பெரிய ஏற்றம் நாளின் முதல் பாதியில் வருகிற மாதிரி சுற்றைத் திருப்பிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் பாதுகாப்பான இறக்கத்துக்கே முன்னுரிமை.

5. இப்போது கிராமங்களைக் கோர்க்கலாம்

கையில் தரையும் ஏற்றமும் இருக்கின்றன. இவற்றின் அருகே எந்தெந்தப் பழைய கிராமங்கள் வருகின்றன என்று பாருங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் சேர்க்கலாம். ஒரு கிராமத்துக்காக 8 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போக வேண்டியிருந்தால், அதை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

பழைய கிராமம் எங்கே கட்டப்பட்டது என்பது உங்கள் கால்களுக்கு நேரடிச் செய்தி. இத்தாலியின் டஸ்கனியில் பழைய ஊர்கள் பெரும்பாலும் குன்றின் உச்சியில் மதிலோடு நிற்கின்றன. மொன்டால்சினோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கடைசியில் ஏறித்தான் ஆக வேண்டும். சரளைப் பாதைகளுக்குப் பெயர்போன ஸ்ட்ராடே பியாங்கே சைக்கிள் பந்தயம் முடியும் சியனாவில், ஊருக்குள் நுழையும் சாந்தா கத்தரீனா தெருவின் சரிவு 16 சதவீதம் வரை போகும். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் நிலைமை நேரெதிர்: பைபரி, காஸில் கூம் போன்ற ஊர்கள் ஓடைக்கரையில், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கின்றன. ஊருக்குள் வருவது சுகம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போதுதான் ஏற்றம் காத்திருக்கும்.

ஆகவே உச்சியில் உள்ள ஊர் என்றால் ஏறி முடித்ததும் ஓய்வு. பள்ளத்தில் உள்ள ஊர் என்றால் கொஞ்சமாகச் சாப்பிட்டு, உடனே கிளம்பி, முதல் 15 நிமிடம் மெதுவாக மிதிக்க வேண்டும்.

ஊருக்குள் போகும் வழியைத் தனியாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய ஊர்களின் குறுக்குச் சந்துகளில் படிக்கட்டுகள் இருக்கும், செயலி சில நேரம் அதன் வழியாகவே கோடு போடும். தெருவில் பதித்த கல் பல காலம் மிதிபட்டு மழுங்கியிருக்கும், ஈரமானால் சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். நடுவே ஓடும் வடிகால் பள்ளத்தைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் அதில் சிக்கும், நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். சந்தை நாளில் மையச் சதுக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும்.

ஒவ்வொரு கிராமத்துக்கும் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதுங்கள்: தண்ணீர் எங்கே, கடை திறந்திருக்கும் நேரம், அடுத்த தண்ணீர் எத்தனை கிலோமீட்டரில். சின்ன ஊர்க் கடைகள் மதியம் மூடியிருக்கும், வாரத்தில் ஒரு நாள் திறக்கவே திறக்காது. அழகான கிராமத்தில் பூட்டிய கடையின் முன்னால் காலி பாட்டிலோடு நிற்பது நான் அடிக்கடி பார்க்கும் காட்சி.

6. தப்பிக்கும் வழிகளைக் குறியுங்கள்

இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், பத்து நிமிட வேலைதான். வழியில் சுமார் 10 கிலோமீட்டருக்கு ஒன்றாக, அங்கிருந்து தார் ரோட்டில் சுருக்கமாகத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் வழியைக் குறித்து வையுங்கள். ரயில் நிலையம் பக்கத்தில் இருந்தால் அதையும்.

கூடவே ஒரு நேரக் கெடு வேண்டும். 'இந்தக் கிராமத்தை ஒரு மணிக்குள் தொடாவிட்டால் குறுக்கு வழி' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். களைத்துப் போன பிறகு எடுக்கும் முடிவு எப்போதும் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்றுதான் இருக்கும்.

7. வழிக்கு ஏற்றபடி சைக்கிளை மாற்றுங்கள்

டயர். இறுகிய வெள்ளைச் சரளைக்கு 38 முதல் 40 மில்லிமீட்டர் போதும். உதிரிக் கல்லும் செங்குத்தும் அதிகம் என்றால் 45, உங்கள் சைக்கிளின் ஃபிரேமில் இடம் இருந்தால். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரு பக்கமும் சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சேறு அங்கே அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும்.

டியூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) என்றால் உள்ளே இருக்கும் சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) சில மாதங்களில் காய்ந்துபோகும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். சளசளவென்று சத்தம் வராவிட்டால் ஊற்ற வேண்டிய நேரம்.

காற்று. தார் ரோட்டுப் பழக்கத்தில் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அடித்துக்கொண்டு வருவதுதான் முதல் தவறு. அந்த அழுத்தத்தில் டயர் கல்லின் மேல் துள்ளும், பிடிப்பு இருக்காது, கை மரத்துப்போகும். 70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் 30 முதல் 35-க்குள் தொடங்கலாம், பின்சக்கரத்தில் 2, 3 அதிகம். டியூப் உள்ள டயர் என்றால் இன்னும் 5 கூட்டுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். ஓட்டும்போது ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் 3 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள்.

கியர். இதில் கணக்கு பேசட்டும். உங்கள் எடை 75 கிலோ, சைக்கிளும் பையும் 15 கிலோ, சரிவு 10 சதவீதம், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னே 34 பல், பின்னே 28 பல் உள்ள சாலைச் சைக்கிள் கியரில் வேகம் 9.6 கிலோமீட்டர், அதற்குச் சுமார் 260 வாட் சக்தி வேண்டும். முன்னே 40, பின்னே 42 என்றால் வேகம் 7.5 கிலோமீட்டர், சக்தி சுமார் 205 வாட். 260 வாட்டைப் பத்து நிமிடம் தாக்குப்பிடிப்பது பெரும்பாலோருக்கு முடியாது. 205 வாட்டே பலருக்குக் கடினம். ஆகவே பின் பல் எண்ணிக்கை முன்னதைவிடக் கூடுதலாக இருக்கும் ஒரு கியராவது கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் நான்காம் படிக்குப் போய் 8 சதவீதத்தைத் தாண்டும் சரளை ஏற்றங்களை வெட்டுங்கள்.

பிரேக். நீண்ட சரளை இறக்கத்தில் தார் ரோட்டைவிட அதிக நேரம் பிரேக் பிடிப்பீர்கள். சேறும் தூசியும் சேர்ந்தால் பேட் மளமளவென்று தேயும். உலோகத் தகட்டின் மேல் உள்ள உராய்வுப் பகுதி 1 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

8. வழியைக் கருவியில் ஏற்றி, ஏற்றியதைச் சரிபாருங்கள்

வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாக (வழித்தடங்களைச் சேமிக்கும் கோப்பு வகை) எடுத்துச் சைக்கிள் கருவியிலும் கைபேசியிலும் ஏற்றுங்கள். மலைக்குள் சிக்னல் இருக்காது என்பதால் கைபேசியில் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்க வேண்டும். பதிவிறக்கினால் மட்டும் போதாது. வீட்டிலேயே விமானப் பயன்முறையைப் போட்டு, வழி தெரிகிறதா என்று பாருங்கள்.

கருவியில் தானாக மறுவழி காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டதும் அது நீங்கள் பொறுக்கி எடுத்த வழியைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்கு நெடுஞ்சாலையில் இழுத்துப்போகும். தண்ணீர், தப்பிக்கும் வழி இரண்டையும் புள்ளிகளாகச் சேர்க்கலாம்.

9. பையில் என்ன இருக்க வேண்டும்

சுருக்கமாக: ஒரு டியூப் (டியூப்லெஸ் டயர் இருந்தாலும்), டயர் ஓட்டையை அடைக்கும் பிளக், டயர் லீவர், கைப்பம்பு, செயின் பிரிக்கும் கருவியோடு கூடிய மல்டிடூல், உங்கள் செயினுக்கு ஏற்ற இணைப்புக் கண்ணி, பின் கியர் தாங்கும் ஹேங்கர் ஒன்று. ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும், எந்தக் கடையிலும் சட்டென்று கிடைக்காது. கல் தெறித்தோ சைக்கிள் சாய்ந்தோ அது வளைந்தால் அன்றைய நாள் அத்தோடு முடிந்தது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், வெயிலில் அதற்கு மேல். சாப்பாடு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து கிடைக்கிற மாதிரி. பசிக்கும் வரை காத்திருக்காமல் முதல் 40 நிமிடத்திலேயே தொடங்குங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது என்பதால், ஏற்றத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் சாப்பிடுவது நல்லது. மழைச்சட்டை, முன்விளக்கு, பின்விளக்கு, பவர் பேங்க், கொஞ்சம் பணம், ஒரு சின்ன முதலுதவிப் பொட்டலம். இதற்கு மேல் எது எடுத்தாலும் ஏற்றத்தில் வருத்தப்படுவீர்கள்.

10. பாதையில்

ஏறும்போது சீட்டிலேயே உட்காருங்கள். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேலிருந்த எடை முன்னால் போய், சக்கரம் கல்லில் சுழன்றுகொண்டு நிற்கும். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைக் கொஞ்சம் தாழ்த்தினால் முன்சக்கரம் அலையாது, பின்சக்கரமும் பிடிக்கும். கியரைச் சரிவு தொடங்கும் முன்பே இறக்குங்கள். நடு ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

இறங்கும்போது கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் இருக்கட்டும். அங்கிருந்துதான் ஒரு விரலாலேயே முழு பிரேக் கிடைக்கும், கல்லில் அடித்தாலும் கை நழுவாது. பெடல்கள் இரண்டும் கிடைமட்டமாக, எடை காலில், உடம்பு சீட்டை விட்டு லேசாக எழும்பி. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட வேண்டாம். கார்கள் திரும்பும்போது உதிரிக் கல்லை வளைவின் வெளிப்பக்கத்துக்குத் தள்ளிவிடும், ஆகவே சக்கரத் தடம் பதிந்த சுத்தமான கோட்டிலேயே திரும்புங்கள். எதிரே வண்டி வரலாம் என்பதால் உங்கள் பக்கத்துத் தடத்தை விட்டு வராதீர்கள். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் 10, 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கண் போகிற இடத்துக்குத்தான் சைக்கிளும் போகும்.

களிமண் சேறு தனி ரகம். சியனாவுக்குத் தெற்கே உள்ள கிரேத்தே செனேசி மாதிரி களிமண் நிலத்தில், காய்ந்த நாளில் வழவழப்பாக ஓடும் பாதை, ஒரு நல்ல மழைக்குப் பிறகு டயரைச் சுற்றிக் கனமாக ஒட்டும். இருபது சுற்றுக்குள் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இடைவெளி அடைத்துவிடும், பிறகு சக்கரம் உருளாது, வழுக்கிக்கொண்டு இழுபடும். அப்போது வலுக்கட்டாயமாக மிதித்தால் பின் கியர் வளைந்து ஆரக்கால்களுக்குள் போய்விடும். உடனே இறங்கி, ஒரு தட்டையான குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, பாதையோரப் புல்லில் தள்ளிக்கொண்டு போங்கள். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் களிமண் துண்டுகளைக் காலையிலேயே வழியிலிருந்து நீக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

கேட் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். குதிரையைப் பின்னாலிருந்து முந்தும்போது தூரத்திலேயே குரல் கொடுங்கள். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளில் ஆட்டுமந்தையோடு பெரிய காவல் நாய்கள் இருக்கும். அவை பாய்ந்து வந்தால் வேகமெடுத்துத் தப்பப் பார்க்காதீர்கள், ஓடுவதைத்தான் அவை துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்து விலகுங்கள்.

11. திரும்பி வந்த அன்றே

சைக்கிளைக் கழுவும்போது வேகமான நீர்ப்பீச்சியைச் சக்கர மையத்துக்கும் பெடல் அச்சுக்கும் நேராகக் காட்டாதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். வாளியும் பிரஷும் போதும். செயினைத் துடைத்து, காயவைத்து, எண்ணெய் விடுங்கள். டயரை விரலால் தடவிப் பார்த்து, பதிந்திருக்கும் கல் துணுக்குகளை எடுத்துவிடுங்கள். அவைதான் அடுத்த வாரம் சும்மா நிறுத்திவைத்த சைக்கிளில் காற்று இறங்கக் காரணம்.

அப்புறம் வரைபடத்தைத் திறங்கள். எந்தத் துண்டு எதிர்பார்த்ததைவிட மோசம், எங்கே கேட் பூட்டியிருந்தது, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வழியிலேயே குறிப்பெழுதி, செல்லாத துண்டை மாற்றி, புதிய கோப்பாகச் சேமியுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசமாகக் கணக்குத் தொடங்கினால், நீங்கள் நேரில் ஓட்டிப் பார்த்த பாதையின் தரை வகையை நீங்களே திருத்தலாம். 'கிராவல்' என்று பொத்தாம் பொதுவாகக் குறித்திருக்கும் ஒரு தடத்தை 'கம்பாக்டட்' என்று மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது.